கிண்ணமா, இரண்டடியா, நான்கடியா? மீன் தொட்டி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு வண்ண மீன் கடை. பள்ளிக்குப் போகும் வயதில் ஒரு பெண் குழந்தை, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், ஒரு கைப்பிடி கலர் கல், ஒரு டப்பா தீவனம். பில் போட்டாகிவிட்டது.

"இதுக்கு மோட்டார் எதுவும் வேணாமாண்ணே?" என்கிறார் அப்பா.

"சின்ன பவுல்தானே சார், ஒண்ணும் தேவையில்ல. வாரம் ஒருவாட்டி தண்ணிய மாத்துங்க, போதும்."

சென்னையில் வார இறுதிகளில் பல கடைகளில் நடக்கும் உரையாடல்தான் இது. அந்தக் கிண்ணத்தில் போகும் மீன்களில் பெரும்பாலானவை சில வாரங்களைத் தாண்டுவதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஜோடி பதினோரு நாள் இருந்தது. "தீனி அதிகமாப் போட்டுட்டீங்க" என்றார்கள், "கண்ணு பட்டிருக்கும்" என்றார்கள். கிண்ணம் சின்னது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

புதிதாக மீன் வளர்க்க வருபவர்கள் எல்லோரும் நம்பும் ஒரு விஷயம் உண்டு: சின்ன தொட்டி என்றால் வேலை குறைவு, பழகிய பிறகு பெரியது வாங்கிக்கொள்ளலாம். உண்மை இதற்கு நேர் எதிர். தொட்டி சிறிதாகச் சிறிதாக, தவறு செய்ய இடமே இல்லாமல் போகிறது.

கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது?

மீன், தான் இருக்கும் தண்ணீரிலேயே கழிவை விடுகிறது. பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. தின்னாமல் மிஞ்சும் தீவனமும் அழுகி அம்மோனியாவாகிறது. ஆற்றிலோ ஏரியிலோ அது கலந்து காணாமல் போய்விடும். கிண்ணத்தில் போவதற்கு இடமில்லை.

மீன் பண்ணைகளில் போடும் கணக்கு ஒன்று உண்டு. 40 சதவீதம் புரதம் உள்ள தீவனம் ஒரு கிராம் மீனின் வயிற்றுக்குள் போனால், சுமார் 35 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளியே வரும். இரண்டு சின்ன கோல்டு ஃபிஷ் சில நாட்களில் தின்று தீர்க்கும் அளவுதான் ஒரு கிராம். 4 லிட்டர் கிண்ணத்தில் இது லிட்டருக்கு கிட்டத்தட்ட 9 மில்லிகிராம். 54 லிட்டர் தொட்டியில் 0.7-க்கும் குறைவு. அதே மீன், அதே தீனிதான். ஒரு ஸ்பூன் உப்பை டம்ளரில் போடுவதற்கும் குடத்தில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இந்த அம்மோனியாவை உடைக்க இயற்கையே ஆள் வைத்திருக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டி வளர்பவை. முழுசாக வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஃபில்டர் இல்லாத கிண்ணத்தில் அவற்றுக்குக் குடியிருக்க இடம் குறைவு. வளர்ந்த கொஞ்சத்தையும் ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவும்போது நாமே வடிகாலில் ஊற்றிவிடுகிறோம்.

இதில் நம்ம ஊர் வெயிலும் தண்ணீரும் சேர்ந்துகொள்கின்றன. தண்ணீர் சூடாக இருந்தாலும் காரத்தன்மை கூடினாலும் அம்மோனியாவின் விஷம் ஏறும். அமில-கார அளவான பி.எச். 7-லிருந்து 8-க்குப் போனால் விஷமான பங்கு சுமார் பத்து மடங்காகிறது. சென்னையில் போர் தண்ணீர் பல தெருக்களில் 7-க்கு மேல்தான். ஆக்சிஜனும் சூட்டில் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் ஃபிளாட்டில், ஜன்னல் ஓரத்து நான்கு லிட்டர் கிண்ணம் மதியத்துக்குள் எவ்வளவு சூடாகும் என்று கைவிட்டுப் பார்த்தாலே தெரியும்.

கிண்ணத்தின் வடிவமும் சிக்கல்தான். காற்றிலிருந்து ஆக்சிஜன் தண்ணீருக்குள் போவது மேற்பரப்பு வழியாக. உருண்டைக் கிண்ணத்தைக் கழுத்து வரை நிரப்பினால் மேற்பரப்பு ஒரு சாஸர் அளவுக்குச் சுருங்கிவிடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து "பசிக்குது போல" என்று இன்னும் கொஞ்சம் தீனி போடுகிறோம். அது மூச்சுக்குத் தவிக்கிறது.

"தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்"

இந்த வசனத்தை மீன் கடையில் கேட்காதவர்கள் இருக்க முடியாது. பாதி உண்மை என்பதால் இதை மறுப்பது கஷ்டம். நெருக்கடியான, கழிவு தேங்கிய தண்ணீரில் மீனின் வளர்ச்சி தடைபடுவது நிஜம்தான். அது இடத்துக்குத் தக்கபடி மீன் தன்னை அமைத்துக்கொள்வது அல்ல. சத்துக் குறைவில் வளராமல் போன குழந்தையைப் பார்த்து "வீட்டு சைஸுக்கு ஏத்த மாதிரி வளந்திருக்கான்" என்று சொல்வோமா? அப்படி வளர்ச்சி தடைபட்ட மீன் நோயில் விழும், சீக்கிரம் சாகும்.

கோல்டு ஃபிஷ் ஒழுங்காக வளர்ந்தால் என்ன ஆகும்? வாலும் வயிறும் உருண்ட அலங்கார ரகங்கள் 15 முதல் 20 செ.மீ. வரை போகும். நீள உடம்புள்ள சாதாரண ரகம் ஓர் அடியை நெருங்கும். பத்து வருஷம் சர்வ சாதாரணம். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற கோல்டு ஃபிஷ் 1999 வரை, 43 வயது வரை, வாழ்ந்து கின்னஸ் பதிவில் இடம்பிடித்தது. நாம் பத்து நாளில் தூக்கிப் போடும் மீனின் இயல்பான ஆயுள் ஒரு நாயின் ஆயுளுக்குக் குறைந்ததல்ல.

அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இந்த தொட்டியில எத்தனை மீன் விடலாம்?" என்பதல்ல. "இந்த மீன் வளர்ந்தா எவ்வளவு பெருசாகும்?" என்பதுதான். கடையில் நாம் பார்ப்பதெல்லாம் குட்டிகள்.

அடியிலிருந்து லிட்டருக்கு

நம்மூர்க் கடைகளில் தொட்டியை அடியில்தான் சொல்வார்கள். லிட்டராக மாற்றுவது சுலபம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3 ஆல் பெருக்குங்கள். செ.மீ.யில் அளந்தால் மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் போதும்.

2 × 1 × 1 அடி என்றால் சுமார் 57 லிட்டர். 3 × 1¼ × 1¼ என்றால் 133. 4 × 1½ × 1½ என்றால் 255. விளிம்புக்குக் கீழே விடும் இடைவெளி, கல், மணல் எல்லாம் போக நிஜமாக நிற்கும் தண்ணீர் இதில் 10 முதல் 15 சதவீதம் குறையும். தீவனத்துக்கும் மருந்துக்கும் அளவு பார்க்கும்போது அந்தக் குறைந்த கணக்கைத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு தொட்டியிலும் ஒரே லிட்டர் என்றால், நீளமாகவும் அகலமாகவும் இருப்பதை எடுங்கள். சோபா பக்கத்தில் அழகாக இருக்கும் என்று ஒல்லியாக, உயரமாக ஒன்றைக் காட்டுவார்கள். மீன் பெரும்பாலும் படுக்கை வாட்டில் நீந்துவது, மாடிப்படி ஏறுவதில்லை. ஆக்சிஜன் வரும் மேற்பரப்பும் நீளத்தையும் அகலத்தையும் பொறுத்தது. விதிவிலக்கு ஏஞ்சல் போன்ற உயரமான மீன்கள்.

கண்ணாடி தடிமனைத் தீர்மானிப்பது முக்கியமாக உயரம். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்து ஏறும். ஓர் அடி உயர இரண்டடித் தொட்டிக்கு 5 மி.மீ. தாங்கும். ஒன்றரை அடி உயர நான்கடிக்கு 10 மி.மீ. கேளுங்கள். இரண்டடி உயரம் என்றால் 12-க்குக் குறைய வேண்டாம். ஆர்டர் கொடுத்து ஒட்டச் சொல்லும்போது "எட்டு எம்.எம். போதும் சார், நிறைய பேருக்குப் போட்டிருக்கேன்" என்பார்கள். கண்ணாடியில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய்க்காக ஹாலில் 230 லிட்டர் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம்.

எந்த மீனுக்கு எவ்வளவு?

ஃபைட்டரிலிருந்து ஆரம்பிக்கலாம். இது காற்றிலிருந்தும் நேரடியாக மூச்சு விடும். அதற்கென்றே தனி உறுப்பு இருக்கிறது. அதனால்தான் பிளாஸ்டிக் கவரிலும் ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் அடைத்து விற்க முடிகிறது. மூச்சு விட முடியும் என்பதற்காக அம்மோனியா அதைச் சும்மா விடாது. ஓர் ஆண் ஃபைட்டருக்கு 20 லிட்டர் கொடுத்துப் பாருங்கள், அதே மீனா என்று தோன்றும். மேசை மேல் சின்னதாக ஒரு தொட்டிதான் வைக்க முடியும் என்பவர்களுக்கு, ஐ.டி. வேலைக்காக இந்தப் பகுதியில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு, நான் சொல்வது இதுதான்: ஒரே ஒரு ஃபைட்டர், 20 லிட்டர், ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

கப்பி, பிளாட்டி, மோலிக்கு இரண்டடித் தொட்டி நல்ல ஆரம்பம். இங்கே ஆபத்து மீனின் அளவில் இல்லை, எண்ணிக்கையில். இவை குட்டி போடும் மீன்கள். மாதத்துக்கு ஒரு முறை இருபது முப்பது குட்டி சாதாரணம். ஆறு மீனோடு ஆரம்பித்த தொட்டி தீபாவளிக்குள் அறுபதாகி நிற்கும். ஆண் கப்பிகளை மட்டும் எட்டு பத்து வாங்கினால் நிறமும் அதிகம், தொந்தரவும் இல்லை.

நியான் டெட்ரா போன்றவை கூட்டமாக வாழ்பவை. இரண்டு மூன்று வாங்கினால் பயந்து மூலையிலேயே கிடக்கும். ஆறுக்கு மேல் வேண்டும், இரண்டடி வேண்டும். ஜீப்ரா டேனியோ ஒரு விரல் நீளம்கூட இருக்காது. ஆனால் ஓயாமல் ஓடும், அதற்கு நீளம் முக்கியம். மீனின் நீளத்தை மட்டும் பார்த்தால் ஏமாறும் இடம் இது.

கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிவு விடும். குளிர்ந்த தண்ணீரில் வாழ்ந்து பழகிய இனம் என்பதால் சென்னைச் சூடும் அதற்குக் கூடுதல் சுமை. இரண்டு அலங்கார ரகம் வளர்க்க மூன்றடித் தொட்டி வேண்டும். குழந்தைகள் முதலில் கேட்பதும் கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் கொடுப்பதும் கோல்டு ஃபிஷ்தான். புதிதாக ஆரம்பிப்பவருக்குக் கொஞ்சமும் பொருந்தாததும் அதுதான்.

ஏஞ்சலுக்குத் துடுப்போடு சேர்த்து உயரம் 20 செ.மீ.யைத் தாண்டும். தொட்டி ஒன்றரை அடி உயரமாவது இருக்கட்டும். ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் இரண்டும் ஓர் அடி வரை வளரும், குணமும் முரடு. நான்கடித் தொட்டியில் ஒன்று. ஃபிளவர்ஹார்னை இரண்டடியில் வைத்துவிட்டு "தலை நல்லா வருதா?" என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்!

பிறகு வாஸ்து மீன் சமாச்சாரம். கடை கல்லாவுக்குப் பக்கத்தில், கிளினிக் வரவேற்பறையில், தொட்டிக்கு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீட்டிக்கொண்டு திரும்ப முடியாமல் நிற்கும் வெள்ளி நிற அரோவானாவைப் பார்த்திருப்பீர்கள். சில்வர் அரோவானா மூன்றடி வரை வளரக்கூடியது. அது திரும்புவதற்கு நீளத்தைவிட அகலம் முக்கியம். இரண்டரை அடி அகலமாவது வேண்டும். அதாவது 6 × 2½ × 2 அடி, 850 லிட்டர். தண்ணீர் மட்டுமே ஒரு மாருதி ஆல்டோ காரைவிட அதிக எடை. அதிர்ஷ்டம் வருமோ இல்லையோ, மூன்றடித் தொட்டியில் அந்த மீனுக்கு நிச்சயம் வராது.

வாங்கவே கூடாத இரண்டைச் சொல்லியாக வேண்டும். 'ஷார்க்' என்று இரண்டு இன்ச் குட்டியாக விற்பது சுறா அல்ல; ஒருவகைக் கெளுத்தி. ஹோட்டலில் 'பாசா' என்ற பெயரில் முள்ளில்லாத துண்டாகத் தட்டுக்கு வருகிறதே, அதே மீன்தான். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். இன்னொன்று கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்யும் என்று கூடவே தள்ளிவிடும் 'சக்கர்', 'டேங்க் கிளீனர்'. ஒன்றரை அடி வரை வளர்ந்து, சுத்தம் செய்வதைவிட அதிகமாகக் கழிவு விடும். தொட்டி கொள்ளாமல் போனதும் பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அப்படித் தப்பியவை இன்று இந்திய நீர்நிலைகள் பலவற்றில் பெருகிவிட்டன. உடம்பில் கவசம் போன்ற தட்டும் முள்ளும் இருப்பதால் மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன; சந்தையில் வாங்கவும் ஆளில்லை. ஒரு தொட்டியின் தவறான அளவு, அந்த வீட்டோடு நிற்பதில்லை. அடையாற்றிலோ போரூர் ஏரியிலோ வளர்ப்பு மீனை விடுவது கருணை அல்ல.

இன்ச் கணக்கு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: ஒரு இன்ச் மீனுக்கு ஒரு கேலன், அதாவது சுமார் 4 லிட்டர். டெட்ரா, கப்பி மாதிரி பொடி மீன்களுக்கு இது ஓரளவு சரிவரும். பெரிய மீனுக்குச் சுத்தமாக உதவாது. ஒரு இன்ச் மீன் பத்தும், பத்து இன்ச் மீன் ஒன்றும் இந்தக் கணக்கில் சமம். உடம்பு நீளத்தில் மட்டுமா வளர்கிறது? அகலமும் தடிமனும் சேர்ந்து, பத்து மடங்கு நீளமான மீன் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு எடை. பத்து கேலன் தொட்டியின் அகலமே பத்து இன்ச்தான். அந்த மீனால் உள்ளே திரும்பக்கூட முடியாது.

எங்கே வைப்பது?

கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து இரண்டடித் தொட்டி 65 முதல் 70 கிலோ. ஓர் ஆள் எடை. நல்ல மர மேசையே தாங்கும், எந்த ஃபிளாட்டிலும் கவலையில்லை. நான்கடித் தொட்டி ஸ்டாண்டோடு 350 கிலோவைத் தொடும், அதுவும் அரை சதுர மீட்டர் இடத்தில். வீட்டுத் தளங்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் சுமை, சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. அதற்காக நான்கடி வைத்த உடனே தளம் இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. அந்த எண் அறை முழுவதும் பரவும் சுமையைக் குறிப்பது. அறை நடுவில் வைக்காதீர்கள். பீம் போகும் சுவரை ஒட்டி, நீளவாக்கில் வையுங்கள். அசோக் நகர், கே.கே. நகர் பக்கம் பல பழைய குடியிருப்புகளில் கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. அப்படிப்பட்ட கட்டடத்தின் மாடியில் நான்கடிக்கு மேல் யோசித்தால் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். அடியில் தெர்மாகோல் ஷீட் போட மறக்க வேண்டாம். மேசை கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலும் அது சமாளித்துக்கொள்ளும். இல்லையென்றால் அடிக்கண்ணாடி விரியும்.

வாடகை வீடா? பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு நான்கடித் தொட்டி நல்ல யோசனை அல்ல. தண்ணீரோடு தூக்க முடியாது. வீடு மாறும் நாளில் மீனை வாளியில் வைத்து, ஃபில்டரை ஈரம் காயாமல் பாதுகாத்து, மூன்றாவது மாடியிலிருந்து கண்ணாடியை இறக்கி... மூவர்ஸ் அண்ட் பேக்கர்ஸ் ஆட்கள் தொட்டியைப் பார்த்த பிறகு சொல்லும் ரேட் வேறு. இரண்டடி, அதிகபட்சம் மூன்றடி போதும். வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

தண்ணீரும் கரண்ட்டும்

பெரிய தொட்டி என்றால் தண்ணீர் அதிகம் செலவாகும் என்று நினைப்போம். வாரம் கால் பங்கு மாற்றினால் போதும் என்பதுதான் பொதுவான அளவு. ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால், இரண்டடித் தொட்டிக்கு வாரம் ஒரு குடம். மூன்றடிக்கு இரண்டு. நான்கடிக்கு நான்கு. அரோவானா தொட்டிக்குப் பதினான்கு. எடுக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். நைட்ரேட் அதற்கு உரம். மாறாக நான்கு லிட்டர் கிண்ணத்தில் மீனை உயிரோடு வைத்திருக்க, நாள் விட்டு நாள் மாற்ற வேண்டியிருக்கும். பாதிப் பாதியாக மாற்றினாலும் வாரத்துக்கு அதே அரைக் குடத்துக்குக் குறையாது, உழைப்பும் பல மடங்கு.

2019 கோடையில் சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் வந்ததை மறக்க முடியாது. குடிக்கவே லாரிக்காகக் காத்திருந்த மாதங்களில் எத்தனை பேர் ஆறடித் தொட்டியை நிரப்பியிருக்க முடியும்? உங்கள் தெருவில் மோசமான கோடையில் வாரம் எத்தனை குடம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் தொட்டியின் அளவைத் தீர்மானிக்கட்டும்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் உண்டு; பிடித்த கையோடு ஊற்றினால் மீனின் செவுளும் வெந்துபோகும், நல்ல பாக்டீரியாவும் சாகும். ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் மாறி மாறி வரும் வீடுகளில், ஒரேயடியாகப் பாதிக்கு மேல் மாற்றாதீர்கள். தாது உப்பின் அளவு திடீரென்று மாறுவதை மீன் தாங்காது. இங்கேயும் பெரிய தொட்டிக்குத்தான் நிதானம் அதிகம். வெறும் ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், அதில் மீனுக்குத் தேவையான உப்புகள் இல்லை.

கரண்ட் பில் பயப்படும் அளவுக்கு வராது. 15 வாட் ஃபில்டர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 22 யூனிட். 4 வாட் ஏர் மோட்டார் 6 யூனிட். எட்டு மணி நேரம் எரியும் 12 வாட் எல்.இ.டி. இன்னொரு 6 யூனிட். ஹீட்டர் சென்னையில் பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை.

பயப்பட வேண்டியது கரண்ட் போகும் நாளுக்கு. 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாறு கரை தாண்டியபோது, ஈக்காட்டுத்தாங்கலும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கின. நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகள் இருட்டில் கிடந்தன. மனிதர்கள் மாடிக்கு ஓடிய அந்த நாட்களில் மீனைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசவும் முடியாது. ஆனால் இந்தப் பகுதியில் தொட்டி வைப்பவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மோட்டார் நின்றதும், மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறல் ஆரம்பித்துவிடும். அதே எண்ணிக்கை மீன் இரண்டு மடங்கு பெரிய தொட்டியில் இருந்தால் சமாளிக்க அவகாசம் கிடைக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். கரண்ட் இல்லாத நாளில் தீனி போடாதீர்கள். வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும்.

சட்டம் என்ன சொன்னது?

2017 மே மாதம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மீன் காட்சியகங்களுக்கும் வண்ண மீன் கடைகளுக்கும் விதிகளை வெளியிட்டது. மாட்டுச் சந்தை விதிகளும் அதே சமயத்தில் வந்ததால் நாடே அதைப் பற்றித்தான் பேசியது. மீன் விதிகள் பின்னால் போய்விட்டன. கண்ணாடிக் கிண்ணங்களில் மீனை வைக்கக் கூடாது என்பதும் அவற்றில் இருந்தது. 158 வகை உயிரினங்களுக்குத் தடை, நிபுணர் நியமனம் என்று சிறு வியாபாரிகளால் தாங்க முடியாத நிபந்தனைகளும் சேர்ந்து வந்தன. வீட்டு மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி மீன் வளர்க்கும் குடும்பங்கள் நிறைந்த கொளத்தூர் கொதித்தது. பிறகு அந்த விதிகள் திரும்பப் பெறப்பட்டன. வியாபாரிகளின் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் கிண்ணத்துக்கு எதிரான அந்த ஒரு வரியும் சேர்ந்து போனது நஷ்டம்தான்.

இத்தாலியில் ரோம் நகரம் 2005-லேயே உருண்டைக் கிண்ணங்களுக்குத் தடை போட்டது. ஜெர்மனியில் 1998-ல் வேளாண் அமைச்சகம் வெளியிட்ட நிபுணர் அறிக்கை, பொதுவான குறைந்தபட்சமாக 54 லிட்டரைச் சொன்னது. 60 × 30 × 30 செ.மீ., நம்ம ஊர் இரண்டடித் தொட்டியேதான். பிரான்ஸில் இந்தத் தொழிலில் முன்னணியில் இருக்கும் அக்ரோபயோதெர்ஸ் நிறுவனம் 15 லிட்டருக்குக் குறைந்த தொட்டிகளை இனி விற்பதில்லை என்று 2022-ல் தானாகவே அறிவித்தது. விற்பவரே நிறுத்தினார் என்பதுதான் இதில் ஆச்சரியம்.

ஏற்கெனவே கிண்ணம் வாங்கியாச்சு என்றால்?

கல்லை எடுத்துவிடுங்கள், பாதி அளவுக்கு மட்டும் தண்ணீர் வைத்தால் மேற்பரப்பு அகலமாகும். தீனியை ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைக்கும் கீழே குறையுங்கள். தினமும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், முழுவதையும் அல்ல. சோப்பு போட்டுக் கழுவவே வேண்டாம். வீட்டில் 40, 50 லிட்டர் பிளாஸ்டிக் டப் இருந்தால், அழகு போனாலும் பரவாயில்லை, மீனுக்குக் கிண்ணத்தைவிட அதுவே மேல். கொளத்தூர் பண்ணைகளிலும் மீன் சிமெண்ட் தொட்டியிலும் டப்பிலும்தான் வளர்கிறது.

இன்னும் வாங்கவில்லை என்றால் வரிசையை மாற்றுங்கள். முதலில் தொட்டியும் ஃபில்டரும் மட்டும் வரட்டும். தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, இரண்டு நாளைக்கு ஒரு முறை மீன் இல்லாமலேயே ஒரு துளி தீவனம் போட்டு நான்கு வாரம் காத்திருங்கள். பாக்டீரியா வளர அதுதான் சாப்பாடு. ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு பழைய பஞ்சைக் கேட்டு வாங்கி உள்ளே போடுங்கள், காத்திருப்பு குறையும். பிறகு இரண்டு மூன்று மீன், இரண்டு வாரம் கழித்து மீதி.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டடி. ஏழு ஆண் கப்பி, ஒரு கட்டு ஜாவா பாசி. காலியாக ஓடிய அந்த நாலு வாரம் முழுக்க "மீன் எப்போப்பா வரும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லித் தீரவில்லை. பழைய உருண்டைக் கிண்ணம் பால்கனியில் இருக்கிறது. மணி பிளான்ட் வைத்திருக்கிறோம்.